இலவசக் கல்வியின் தந்தை சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா (1884 – 1969)

அறிமுகம்

இலங்கையின் அரசாங்கப் பாடசாலைகளில் கற்கும் மாணவர்கள் கற்பதற்கெனக் கட்டணம் செலுத்துவதில்லை. பல்கலைக்கழகம் வரை இவ்வாறு இலவசமாகக் கற்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் இவ்வாய்ப்பு எப்போதும் இருந்த ஒன்றன்று. 1945ஆம் ஆண்டுக்கு முன்னர் நல்ல ஆங்கிலப் பாடசாலையொன்றில் கற்பதற்குப் பணம் வேண்டும். பணமில்லாத பெற்றோரின் பிள்ளை எவ்வளவு திறமையுடையதாயினும் சுயமொழிப் பாடசாலையின் எல்லைக்குள்ளேயே பெரும்பாலும் நின்றுவிட நேர்ந்தது. இந்நிலையை மாற்றுவதற்குச் சட்டசபையில் நீண்டகாலம் உழைத்தவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா ஆவார்.

இவர் இலங்கையின் முதலாவது கல்வி அமைச்சர். 1931 முதல் 1947 வரை, அரசாங்க சபை நிலவிய காலம் முழுவதும், அப்பதவியை வகித்தார். மாணவர்கள் இவரது வாழ்க்கையைக் கற்கும்போது இரு விடயங்களில் கவனம் செலுத்துதல் வேண்டும். ஒன்று, இலவசக் கல்வி எவ்வாறு சட்டமாக்கப்பட்டது என்பது. மற்றையது, மட்டுப்படுத்தப்பட்ட அதிகாரமே கொண்டிருந்த ஓர் அமைச்சர் அதனை எவ்வாறு சாதித்தார் என்பது.

1. பிறப்பும் இளமைக் காலமும்

கிறிஸ்தோபர் வில்லியம் விஜேகோன் கன்னங்கரா 1884 ஒக்டோபர் 13ஆம் திகதி தென் மாகாணத்தில் அம்பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள ரந்தொம்பை என்னும் கிராமத்திற் பிறந்தார். ஆரம்பக் கல்வியை அம்பலாங்கொடையிலிருந்த வெஸ்லியன் மிசன் பாடசாலையிற் பெற்றார்.

அப்பாடசாலையின் பரிசளிப்பு விழாவுக்குக் காலி றிச்மண்ட் கல்லூரியின் அதிபர் வண. ஜேம்ஸ் ஹோர்ன் டாரல் வருகை தந்திருந்தார். பல பாடங்களுக்கான பரிசுகளை ஒரே மாணவன் பெறுவதைக் கண்டு அவர் வியப்புற்றார் எனவும், அப்பரிசுகளை வீட்டுக்குக் கொண்டு செல்ல மாட்டு வண்டி தேவைப்படும் என வேடிக்கையாகக் குறிப்பிட்டார் எனவும் கூறுவர். பின்னர் கன்னங்கரா புலமைப்பரிசில் பெற்று றிச்மண்ட் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கு கணிதத்திற் சிறந்து விளங்கினார். கேம்பிரிட்ஜ் பரீட்சையில் எண்கணிதப் பாடத்தில் பிரித்தானியப் பேரரசிலேயே முதலிடம் பெற்றார். கல்லூரியின் கிரிக்கெட் அணியிலும் இடம்பெற்றார்.

கிராமப் பிள்ளையொன்று நகரக் கல்லூரிக்குச் செல்லப் புலமைப்பரிசில் ஒன்றே வழியாக இருந்தது. பிற்காலத்தில் இவர் நாடெங்கும் மத்திய பாடசாலைகளை அமைத்து அவற்றிற்குப் புலமைப்பரிசில்களையும் ஏற்படுத்தியமைக்கு இவ்வனுபவமும் ஒரு காரணம் எனக் கருதலாம்.

2. ஆசிரியர், சட்டத்தரணி

பாடசாலைக் கல்வியின் பின்னர் றிச்மண்ட் கல்லூரியிலேயே கணித ஆசிரியரானார். கொழும்பு வெஸ்லி கல்லூரியிலும் மொறட்டுவை வேல்ஸ் இளவரசர் கல்லூரியிலும் கற்பித்தார். அதேவேளை சட்டமும் பயின்று, 1910இல் சட்டத்தரணியாகிக் காலியில் தொழில் புரியத் தொடங்கினார்.

இக்காலத்திலேயே அவரது பொதுவாழ்வு ஆரம்பமாயிற்று. 1911இல் படித்த இலங்கையருக்கான ஆசனத்திற்குத் தேர்தல் நடைபெற்றபோது சேர் பொன்னம்பலம் இராமநாதனை ஆதரித்துச் செயற்பட்டார். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது கைதுசெய்யப்பட்டவர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடினார். 1919இல் சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் தலைமையில் இலங்கைத் தேசிய காங்கிரஸ் தோன்றியபோது அதில் இணைந்து கொண்டார். 1930இல் அதன் தலைவராகவும் விளங்கினார்.

3. சட்டநிரூபண சபையில்

1923இல் தென் மாகாணத்தின் பிரதிநிதியாகச் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார். அக்காலச் சட்டநிரூபண சபை உறுப்பினர்கள் கேள்வி கேட்கலாம், விவாதிக்கலாம், வரவு செலவுத் திட்டத்தைக் குறைகூறலாம். ஆனால் நிர்வாகப் பொறுப்பு ஆளுநரிடமும் அவரது அதிகாரிகளிடமுமே இருந்தது. மக்களால் தெரிவுசெய்யப்பட்டவர்கள் பொறுப்பின்றி அதிகாரம் பெற்றிருந்தனர், அதிகாரிகள் அதிகாரமின்றிப் பொறுப்பு வகித்தனர் என்பதே டொனமூர் ஆணைக்குழு கண்ட முக்கிய குறைபாடாகும். இக்குறையை நீக்கவே 1931இல் டொனமூர் அரசியல் யாப்பு நடைமுறைக்கு வந்தது.

4. அரசாங்க சபையும் கல்வி அமைச்சரின் அதிகாரமும்

டொனமூர் யாப்பின்படி அமைந்த அரசாங்க சபையில் 61 உறுப்பினர்கள் இருந்தனர். அவர்களுள் 50 பேர் சர்வசன வாக்குரிமை மூலம் தெரிவுசெய்யப்பட்டனர். 8 பேர் நியமன உறுப்பினர்கள். எஞ்சிய 3 பேர் அரசாங்க அதிகாரிகள். சபை உறுப்பினர்கள் 7 நிர்வாகக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வொரு குழுவும் தனக்கொரு தலைவரைத் தெரிவு செய்தது. அத்தலைவரே அவ்விடயத்திற்குரிய அமைச்சரானார்.

1931இல் காலித் தொகுதியிலிருந்து தெரிவான கன்னங்கரா கல்வி நிர்வாகக் குழுவின் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டுக் கல்வி அமைச்சரானார். 1936இல் மத்துகமைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி மீண்டும் அப்பதவியைப் பெற்றார். 1936இல் அமைந்த அமைச்சர் சபையில் எழுவரும் சிங்களவராகவே இருந்தமை தமிழ்த் தலைவர்களின் அதிருப்திக்குக் காரணமாயிற்று என்பதையும் மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். கன்னங்கராவும் அவ்வெழுவருள் ஒருவர்.

இன்றைய அமைச்சரைப் போல அன்றைய அமைச்சர் தனித்து முடிவெடுக்க இயலாது. ஒரு பிரேரணையை நிறைவேற்ற அவர் பின்வரும் படிகளைக் கடக்க வேண்டியிருந்தது.

• முதலில் தமது நிர்வாகக் குழுவின் பெரும்பான்மையைப் பெறுதல்.
• பின்னர் அமைச்சர் சபையின் ஆதரவைத் தேடுதல். நிதி, பிரித்தானிய அதிகாரியான நிதிச் செயலாளரின் பொறுப்பில் இருந்தமையால் அவரது எதிர்ப்பையும் சமாளித்தல்.
• அடுத்து அரசாங்க சபையின் முழு அமர்வில் விவாதித்து வெற்றி பெறுதல்.
• இறுதியாக ஆளுநரின் அங்கீகாரத்தைப் பெறுதல்.

இதனாலேயே இலவசக் கல்வி 1931இல் அன்றி 1945இலேயே நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட 14 ஆண்டுகளும் வீணானவை அல்ல. அடித்தளம் இடப்பட்டது அக்காலத்திலேயாகும்.

5. அன்றைய பாடசாலை முறை

அக்காலத்தில் மூன்று வகையான பாடசாலைகள் காணப்பட்டன.

• ஆங்கிலப் பாடசாலைகள்: கட்டணம் அறவிட்டன. உயர் தொழில்களுக்கும் அரசாங்க உத்தியோகங்களுக்கும் இவையே வாயிலாக இருந்தன.
• இருமொழிப் பாடசாலைகள்: ஆங்கிலத்தையும் சுயமொழியையும் கற்பித்தன. எண்ணிக்கையிற் குறைந்தவை.
• சுயமொழிப் பாடசாலைகள்: சிங்களத்திலோ தமிழிலோ கட்டணமின்றிக் கற்பித்தன. பெரும்பாலான பிள்ளைகள் இவற்றிலேயே கற்றனர். ஆயின் இங்கு கற்றவர்களுக்கு உயர்கல்வி வாய்ப்பு அரிது.

எனவே அன்றைய பிரச்சினை பாடசாலைகள் இல்லை என்பது மட்டுமன்று. ஒரே நாட்டின் பிள்ளைகள் பெற்றோரின் வருமானத்தைக் கொண்டு இருவேறு வாழ்க்கைப் பாதைகளில் விடப்பட்டனர் என்பதே அடிப்படைப் பிரச்சினையாகும். 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் எழுத்தறிவு வீதம் சுமார் 58 ஆகவே இருந்தது.

இதனோடு நிர்வாகச் சிக்கலும் இருந்தது. கணிசமான பாடசாலைகள் மிசனரிகளாலும் பிற சமய நிறுவனங்களாலும் அரசாங்க உதவி நன்கொடையுடன் நடத்தப்பட்டன. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி அமைந்த கல்விச் சபையில் பாடசாலை முகாமையாளர்களின் செல்வாக்கு மிகுந்திருந்தது. அதனால் கல்வி நிர்வாகக் குழு விரும்பிய மாற்றங்களைச் செய்ய முடியவில்லை.

6. முதற் கட்டப் பணிகள்

கன்னங்கரா முதலில் கிராமியக் கல்வியில் கவனம் செலுத்தினார். கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸவில் 1930களில் தொடங்கப்பட்ட கிராமியக் கல்வித் திட்டம், விவசாயம், கைப்பணி, சுகாதாரம் என்பவற்றைப் பாடசாலைக் கல்வியோடு இணைத்தது. இது பின்னர் வேறு கிராமங்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

அடுத்த முக்கிய நடவடிக்கை 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விச் சட்டமாகும். இச்சட்டத்தின் மூலம் கல்விக் கொள்கையை வகுக்கும் பொறுப்பு கல்வி நிர்வாகக் குழுவுக்குக் கிடைத்தது. பழைய கல்விச் சபைக்குப் பதிலாக ஆலோசனை மட்டும் வழங்கும் சபையொன்று ஏற்படுத்தப்பட்டது. இச்சட்டம் இல்லையேல் 1945ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்கள் சாத்தியமாகியிருக்க மாட்டா. பரீட்சை விடைகளில் பலரும் எழுதத் தவறும் விடயம் இதுவாகும்.

7. விசேட கல்விக் குழு (1940 – 1943)

1940இல் நாட்டின் கல்வி முறையை முழுமையாக ஆராய விசேட குழுவொன்று நியமிக்கப்பட்டது. அதன் தலைவர் கன்னங்கரா ஆவார். ஜீ. பி. மலலசேகர, டி. பி. ஜாயா, எஸ். நடேசன், வண. பிதா பீற்றர் பிள்ளை, ஏ. ரத்நாயக்கா, ஐவர் ஜெனிங்ஸ் முதலியோர் உறுப்பினர்களாயிருந்தனர். வெவ்வேறு இனங்களையும் சமயங்களையும் சார்ந்தோர் இக்குழுவில் இடம்பெற்றமை குறிப்பிடத்தக்கது.

குழுவின் அறிக்கை 1943இல் வெளியாயிற்று. இது கன்னங்கரா அறிக்கை என அழைக்கப்படுகின்றது. அதன் முக்கிய சிபாரிசுகள் வருமாறு:

• பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வியை இலவசமாக்குதல்.
• ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியைப் போதனாமொழியாக்குதல்.
• ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகச் சகல மாணவர்களுக்கும் கற்பித்தல்.
• பிள்ளைகளுக்கு அவரவர் பெற்றோரின் சமயத்தைக் கற்பிக்க வாய்ப்பளித்தல்.
• ஆசிரியர்களின் சம்பளத்தை அரசாங்கம் நேரடியாக வழங்குதல்.
• ஆரம்பக் கல்வியின் பின் மாணவரின் திறமைக்கேற்ப வெவ்வேறு வகைப் பாடசாலைகளை அமைத்தல்.

இவற்றுள் இறுதிச் சிபாரிசு முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை.

8. அரசாங்க சபையில் நடந்த போராட்டம்

அறிக்கை வெளியானதும் எதிர்ப்பும் தோன்றியது. எதிர்த்தவர்களின் வாதங்கள் மூன்று வகைப்படும்.

முதலாவது நிதி பற்றியது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. 1942 ஏப்ரலில் கொழும்பும் திருகோணமலையும் ஜப்பானிய விமானத் தாக்குதலுக்கு உள்ளாகியிருந்தன. பல பாடசாலைக் கட்டடங்கள் படையினரின் தேவைக்கு எடுக்கப்பட்டிருந்தன. இத்தகைய வேளையில் இவ்வளவு செலவை நாடு தாங்குமா என்ற கேள்வி எழுந்தது.

இரண்டாவது சமயம் பற்றியது. உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளின் முகாமையாளர்கள், தமது பாடசாலைகளின் சுதந்திரமும் சமயச் சூழலும் பாதிக்கப்படும் என அஞ்சினர்.

மூன்றாவது சமூக நலன் பற்றியது. ஆங்கிலக் கல்வி ஒரு சிறு வகுப்பினருக்கே உரியதாக இருந்தமையால் கிடைத்த நன்மைகளை இழக்க அவ்வகுப்பினர் சிலர் விரும்பவில்லை.

இவ்வெதிர்ப்புகளுக்கு மத்தியில் 1944இல் கன்னங்கரா தமது பிரேரணைகளை அரசாங்க சபையில் சமர்ப்பித்தார். நீண்ட விவாதத்தின் பின்னர் இலவசக் கல்விக் கொள்கையைச் சபை ஏற்றுக்கொண்டது. 1945 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் அது நடைமுறைக்கு வந்தது. சில பாடசாலைகள் முதலில் திட்டத்திற்கு வெளியே நின்று கட்டணம் அறவிட்டன. பின்னர் அவற்றுட் பெரும்பாலானவை இணைந்துகொண்டன.

இதே காலத்தில் மொழிப் பிரச்சினையும் சபையில் ஆராயப்பட்டது. சிங்களத்தை அரசகரும மொழியாகவும் போதனாமொழியாகவும் ஆக்க வேண்டுமென ஜே. ஆர். ஜயவர்தன பிரேரணை கொண்டுவந்தார். கிழக்கிலங்கைப் பிரதிநிதியான வி. நல்லையா தமிழையும் சேர்க்குமாறு திருத்தம் முன்வைத்தார். 1944 மே மாதத்தில் அத்திருத்தம் ஏற்கப்பட்டது. தாய்மொழிக் கல்வி என்பது சிங்களப் பிள்ளைக்குச் சிங்களமும் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழும் என்றே செயற்படுத்தப்பட்டது. ஆரம்ப வகுப்புகளில் தொடங்கிய இம்மாற்றம் 1950களில் இரண்டாம் நிலை வகுப்புகளுக்கும் படிப்படியாக விரிந்தது.

9. மத்திய பாடசாலைகளும் பல்கலைக்கழகமும்

கட்டணத்தை நீக்கினால் மட்டும் போதாது, கிராமத்துக்கு அண்மையில் நல்ல பாடசாலையும் வேண்டும் என்பதைக் கன்னங்கரா உணர்ந்திருந்தார். 1940களில் நகரங்களுக்கு வெளியே மத்திய பாடசாலைகள் நிறுவப்பட்டன. இவற்றின் தொகை 54 வரை உயர்ந்தது. விஞ்ஞான ஆய்வுகூடம், நூலகம், விளையாட்டு மைதானம், விடுதி ஆகிய வசதிகள் இவற்றுக்கு அளிக்கப்பட்டன. ஐந்தாம் வகுப்பில் நடத்தப்பட்ட பரீட்சை மூலம் திறமையுள்ள வறிய பிள்ளைகள் தெரிவுசெய்யப்பட்டு, விடுதியில் தங்கிக் கற்கப் புலமைப்பரிசில் பெற்றனர். பிற்காலத்து ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் தொடக்கம் இதுவேயாகும்.

1942இல் பல்கலைக்கழகக் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் இணைக்கப்பட்டு இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாக்கப்பட்டதும் இவரது பதவிக் காலத்திலாகும். அதன் முதல் உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் ஆவார்.

10. தோல்வியும் பிற்காலமும்

சுதந்திரத்திற்கு முன்னோடியாக 1947இல் முதலாவது பாராளுமன்றத் தேர்தல் நடைபெற்றது. மத்துகமைத் தொகுதியில் போட்டியிட்ட கன்னங்கரா, வில்மட் ஏ. பெரேராவிடம் தோல்வியடைந்தார். இலவசக் கல்வியை எதிர்த்தவர்களின் பகைமையும் இத்தோல்விக்கு ஒரு காரணம் எனப் பலர் கருதுவர். நாட்டின் பிள்ளைகளுக்குக் கல்வி வாய்ப்பைத் திறந்துவிட்டவர் சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் இடம்பெறவில்லை.

பின்னர் இந்தோனேசியாவில் இலங்கையின் பிரதிநிதியாகப் பணியாற்றினார். 1952இல் அகலவத்தைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்திற்குத் தெரிவாகி உள்ளூராட்சி அமைச்சரானார். கல்வி அமைச்சு அவருக்கு மீண்டும் கிடைக்கவில்லை. 1956இல் அரசியலிலிருந்து ஓய்வு பெற்றார். நீண்டகாலம் அமைச்சராயிருந்தும் அவர் செல்வம் சேர்க்கவில்லை. முதுமையில் அரசாங்கம் வழங்கிய மாதக் கொடுப்பனவு அவருக்கு உதவியாயிற்று. 1969 செப்டெம்பர் 23ஆம் திகதி தமது 84ஆவது வயதிற் காலமானார்.

11. மதிப்பீடு

கன்னங்கராவின் பணியை மதிப்பிடும்போது சாதனைகளோடு குறைபாடுகளையும் எழுதுதல் வேண்டும்.

சாதனைகள்: கல்வி சலுகை என்ற நிலையிலிருந்து உரிமை என்ற நிலைக்கு உயர்ந்தது. பெண்பிள்ளைகளின் கல்வி விரைவாக வளர்ந்தது. கிராமங்களிலிருந்து வைத்தியர்களும் பொறியியலாளர்களும் ஆசிரியர்களும் தோன்றினர். 1980இல் இலவசப் பாடநூல்களும் 1993இல் இலவசச் சீருடையும் வழங்கப்பட்டமை இக்கொள்கையின் தொடர்ச்சியே.

குறைபாடுகள்: பெருந்தோட்டப் பிள்ளைகளுக்கு இதன் பயன் உடனே கிட்டவில்லை. தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கீழேயே நீடித்தன. 1970களிலேயே அவற்றை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. எனவே மலையகத் தமிழ்ப் பிள்ளைகளுள் ஒரு தலைமுறைக்கு மேற்பட்டோர் இலவசக் கல்வியின் முழுப் பயனையும் பெறாமலே வளர்ந்தனர். நகரப் பாடசாலைகளுக்கும் கிராமப் பாடசாலைகளுக்கும் இடையிலான வசதி வேறுபாடும் முற்றாக நீங்கவில்லை.

இக்குறைகள் கன்னங்கராவின் கொள்கை தவறானது என்பதைக் காட்டுவனவல்ல. கட்டணத்தை நீக்குதல் முதற்படி மட்டுமே என்பதையும், எல்லாப் பிள்ளைகளையும் சென்றடைதல் அடுத்த படி என்பதையும் காட்டுகின்றன.

நினைவிற் கொள்ள வேண்டிய ஆண்டுகள்

1884 – பிறப்பு
1910 – சட்டத்தரணியாதல்
1923 – சட்டநிரூபண சபைக்குத் தெரிவாதல்
1930 – இலங்கைத் தேசிய காங்கிரஸ் தலைவராதல்
1931 – முதலாவது கல்வி அமைச்சராதல்
1939 – 31ஆம் இலக்கக் கல்விச் சட்டம்
1940 – விசேட கல்விக் குழு நியமனம்
1942 – இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாதல்
1943 – கன்னங்கரா அறிக்கை
1945 – இலவசக் கல்வி நடைமுறைக்கு வருதல்
1947 – தேர்தற் தோல்வி
1952 – உள்ளூராட்சி அமைச்சராதல்
1969 – மறைவு

மாதிரி வினா

டொனமூர் யாப்பின் கீழ் கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா இலவசக் கல்வியை நடைமுறைப்படுத்துவதில் எதிர்நோக்கிய தடைகளை விளக்குக.

விடைக் குறிப்பு: நிர்வாகக் குழு முறையினால் அமைச்சரின் அதிகாரம் மட்டுப்படுத்தப்பட்டிருந்தமை, நிதி, பிரித்தானிய அதிகாரியின் பொறுப்பில் இருந்தமை, 1939 வரை கல்விச் சபையின் செல்வாக்கு நீடித்தமை, உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளின் எதிர்ப்பு, போர்க்கால நிதி நெருக்கடி, ஆங்கிலக் கல்வி பெற்ற வகுப்பினரின் தயக்கம். ஒவ்வொரு தடையையும் அவர் எவ்வாறு கடந்தார் என்பதை ஒரு வாக்கியத்திலாவது சேர்த்தெழுதினால் விடை முழுமை பெறும்.

பயிற்சி வினாக்கள்

1. அரசாங்க சபையில் இருந்த நிர்வாகக் குழுக்கள் எத்தனை? கல்வி அமைச்சர் எவ்வாறு தெரிவு செய்யப்பட்டார்?
2. 1939ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் முக்கியத்துவத்தைக் குறிப்பிடுக.
3. கன்னங்கரா அறிக்கையின் சிபாரிசுகள் நான்கு தருக.
4. மத்திய பாடசாலைகள் கிராமப்புற மாணவர்களுக்கு எவ்வகையில் உதவின?
5. பெருந்தோட்டப் பிள்ளைகள் இலவசக் கல்வியின் பயனைத் தாமதமாகப் பெற்றமைக்குரிய காரணத்தை விளக்குக.